திரைக் காதலும் திருச்சபையின் கதவும்

தேவதானப்பட்டிக்கு வருவோர் மஞ்சளாற்றங்கரையிலுள்ள மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலைக் காணாமல் செல்வதில்லை. அங்கே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே வழிபாடு நிகழ்கிறது. அது அம்மக்களின் பக்திமரபு. அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் நமது சமயமும் ஓர் அடைத்த கதவு என்றே தமிழ்த் திரையுலகம் பலகாலமாகக் காட்டி வந்துள்ளது. அதற்கு நாம் எவ்வளவு காரணம் என்பதைச் சிந்திப்பது நல்லது.

இப்பொருளைத் திரையில் நிலைநிறுத்திய இருவர் நமது தேனி மண்ணின் மைந்தர்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜா இயக்கி, பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-இல் வெளிவந்தது. குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையே அதன் களம். அந்தணர் குலத்து இளைஞனும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணும் அன்பு கொள்கின்றனர், ஊர் எதிர்க்கிறது. முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் துறந்து வெளியேறுகின்றனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1997-இல், பாசில் இயக்கத்தில் ‘காதலுக்கு மரியாதை’ வந்தது. இசை மீண்டும் இளையராஜாவே. கல்லூரி மாணவியான கிறித்தவப் பெண்ணும் இந்து இளைஞனும் வீட்டைவிட்டு வெளியேறிய பின்னும், பெற்றோரின் கண்ணீரை எண்ணிப் பிரிந்து வீடு திரும்புகின்றனர். அந்தத் தியாகமே இரு குடும்பங்களையும் இணைக்கிறது.

ஒன்றில் சமயம் கழற்றி எறியப்படுகிறது. மற்றொன்றில் பெற்றோர் பாசத்துள் மறைந்துவிடுகிறது. இரண்டிலும் காதலர் ஒருவரையொருவர் ‘நீ எதை நம்புகிறாய்?’ என்று கேட்டு அமர்ந்து பேசுவதில்லை. சமயம் அங்கே குடும்பப் பெயரே அன்றி, உள்ளத்தின் தேடல் அன்று. இறைநம்பிக்கை இன்றி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கனடா நாட்டு மாணவி கேரொலின் வெபர் எழுதிய தன்வரலாறு 2022-இல் திரைப்படமாயிற்று. அதில் காதலும் கடவுளைப் பற்றிய கேள்வியும் ஒரே பாதையில் நடக்கின்றன. இத்தகைய உரையாடலை நமது கல்லூரி மாணவர் எங்கே பழகுவர்?

திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினால் கதவு அடைத்தே கிடக்கவில்லை என்பது விளங்கும். பெற்றோர் இசைவில்லை என்ற காரணத்தாலேயே பிள்ளைகளின் திருமணம் செல்லாது என்போரை, திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இலேயே கண்டித்தது. மறைவான திருமணங்களை வெறுத்த அதே சங்கம், மணமக்களின் உரிமையுள்ள சம்மதத்தைக் காத்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராக வளர்க்கும் உறுதிமொழியைப் பிறசமயத் துணையிடமும் கேட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரத்தை எடுத்துரைத்தது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவ்வுறுதிமொழியைக் கத்தோலிக்கரிடம் மட்டுமே கேட்டால் போதும் என்றும், மற்றவர் அதனை அறிந்திருந்தால் போதும் என்றும் மாற்றினார். 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனையே உறுதிசெய்தது. ஆயரின் விதிவிலக்குப் பெற்றால், திருமுழுக்குப் பெறாதவரையும் மணக்கலாம்.

ஆகவே, திரையில் அந்தச் சிலுவை கழற்றப்படுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே வழி திறந்திருந்தது. அதனை இறைமக்களுக்கு யார் சொன்னது? இக்கேள்வி முதலில் நம்மையே சுடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விடுமுறையில் வந்த மாணவி ஒருத்தி மாலைத் திருப்பலிக்குப்பின் நம்மிடம் தயங்கி நின்றாள். “சாமி, இந்துப் பையனைக் கட்டிக்கிட்டா நான் நன்மை வாங்கக் கூடாதா?” என்றாள். நாம் விதிவிலக்கு மனு, சான்றிதழ், பெற்றோர் கருத்து என அடுக்கினோம். சொன்னவை யாவும் சரியே. ஆனால் அவள் கேட்டது சட்டத்தை அன்று. நற்கருணையை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தையே அவள் வெளியிட்டாள். அதை நாம் உணர்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். பின்பு பதிவு அலுவலகத்தில் மணம் நடந்ததாக அறிந்தோம். அவள் இன்றுவரை நமது கோயிலுக்கு வரவில்லை.

கலப்புத் திருமணம் எளிதென்று நாம் கூறவில்லை. எந்தப் பண்டிகை, எந்தச் செபம், பிள்ளைக்கு எந்தப் பெயர் என அன்றாடம் எழும் கேள்விகளுக்குக் காதல் மட்டுமே விடையாகாது. அதனாலேயே அவற்றைத் திருமணத்திற்கு முன் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வீட்டுத் திண்ணையாகவும் பங்குத்தந்தையின் அறையாகவும் இருத்தல் நலம். பெற்றோரே, உங்கள் பிள்ளை தயங்கி வந்து நிற்கும்போது, சாதியையும் ஊர்ப்பேச்சையும் முதலில் எடுக்காதீர்கள். அவர்களது விசுவாசத்தைப் பற்றிக் கேளுங்கள். மோவாபியப் பெண்ணான ரூத்து நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் இடம்பெற்றவள் என்பதையும் மறவாதீர்கள்.

இப்போதெல்லாம் திருப்பலிக்குப்பின் நாம் சற்று நேரம் கோயில் வாசற்படியிலேயே நிற்கிறோம். அவள் என்றேனும் வரக்கூடும். வந்தால், இம்முறை முதலில் அவளைப் பேசவிடுவோம்.