ஸ்டார்ட் பண்ணதும் கார் ஏன் உறுமுது? முதல் சில நிமிஷங்களில் நடப்பது இதுதான்!

மார்கழிக் காலை. காரை ஸ்டார்ட் பண்றீங்க. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவே இல்லை; ஆனா ஆர்.பி.எம் முள் 1,200-ஐத் தாண்டி நிற்குது. கொஞ்ச நேரத்தில் தானாகவே 800 பக்கம் இறங்கிடுது. ரிப்பேரோன்னு பதறாதீங்க. இது இ.சி.யு எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டரோட வேலை.

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். ஆனா, குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியா ஆவியாகாது. கொஞ்சம் உள்சுவரில் ஈரமா ஒட்டிக்கும். ஆவியானதுதான் எரியும். அதனால இ.சி.யு, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலை அதிகமாக்குது. அந்தக் கால கார்பரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துவிட்டதும் இதுக்காகத்தான் (அப்பாவைக் கேட்டுப்பாருங்க).

எவ்வளவு கூட்டணும்? இங்கதான் சிக்கல். பெட்ரோல் ஜாஸ்தியா, கம்மியான்னு புகையை வெச்சுச் சொல்றது ஆக்ஸிஜன் சென்ஸார். அது சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானாதான் ஒழுங்கா வேலை செய்யும். உள்ளேயே ஹீட்டர் இருந்தாலும் கொஞ்சம் நேரமாகும். அதுவரை, கூலன்ட் டெம்பரேச்சர் சென்ஸார் சொல்றதை நம்பி, ஏற்கெனவே பதிவு செஞ்ச அட்டவணைப்படிதான் இ.சி.யு பெட்ரோலை அளக்குது.

அந்த சென்ஸார் பொய் சொன்னா? இன்ஜின் சூடான பிறகும் 'இன்னும் ஜில்லுன்னு இருக்கு'ன்னு அது சொன்னா, பெட்ரோல் கூடுதலாவே போகும். மைலேஜ் விழும், கறுப்புப் புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும். இன்ஜெக்டர், பம்ப்னு பெரிய எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் அது வெளி வெப்பநிலையை ஒட்டி இருக்கணும். நல்லா ஓடின பிறகு 90 டிகிரி பக்கம் வரணும். சென்னை வெயிலில் மைனஸ் 40 காட்டினா, சென்ஸாரையோ வயரையோதான் முதல்ல சந்தேகப்படணும். மாத்துறது பெரும்பாலும் சின்ன செலவுதான்.

'சூடாகட்டும்'னு பத்து நிமிஷம் நிறுத்திவைக்கிறதும் வேஸ்ட். அரை நிமிஷத்தில் கிளம்பி மெதுவா ஓட்டினாலே இன்ஜின் சீக்கிரம் சூடாகிடும். முக்கியமா, ஷட்டர் மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிடவே விடாதீங்க. கூடுதல் பெட்ரோல் எரியுற, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இன்னும் சூடாகாத இந்த நேரத்தில்தான் கார்பன் மோனாக்ஸைடு அதிகமா வெளியேறும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்னுடும்.