திருக்கோவிலூர் டு அலெக்ஸாண்ட்ரியா: ஒரு பழைய டூர்

மத்தியதரைக் கடலோரத்துல ஒரு கலகலப்பான பீச் சிட்டின்னு சொன்னா உங்களுக்கு பார்சிலோனா ஞாபகம் வரும், நீஸ் ஞாபகம் வரும், யாரோ ஒருத்தர் போட்ட ரீல்ஸ் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம போகப்போற ஊர் எகிப்தில் இருக்கிற அலெக்ஸாண்ட்ரியா. போகப்போறது இப்போ இல்ல, சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னாடி. கிளம்புற இடம் கள்ளக்குறிச்சி மாவட்டம்.

சிரிக்காதீங்க. எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. சென்னையில யாராவது ஊர் கேட்டு நான் சொன்னா, ஒரு நொடி அமைதியாயிடுவாங்க. 2024 ஜூன்ல கள்ளச்சாராயத்துல அறுபதுக்கும் மேல உயிர்கள் போச்சு. அதுக்கப்புறம் எங்க ஊர்ப் பேரே ஒரு செய்தித் தலைப்பு மாதிரி ஆயிடுச்சு. அது மறக்கக் கூடாத விஷயம்தான். ஆனா ஒரு ஊருக்கு அது மட்டுமே அடையாளம்னு ஆகும்போது, அந்த ஊருக்கு வேற கதையே கிடையாதுன்னு எல்லாரும் நம்ப ஆரம்பிச்சுடுறாங்க. விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது 2019 நவம்பர்ல. மாவட்டம் புதுசு. அதுக்குள்ள இருக்கிற திருக்கோவிலூர் புதுசு இல்ல.

சங்க காலத்துல அதுக்குப் பேர் கோவலூர். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தரான மலையமான் திருமுடிக்காரியோட ஊர். தென்பெண்ணைக் கரை. கல்வராயன் மலைக்கு வடக்கே இறங்கி வர்ற பெண்ணை ஆறு, கோவலூரைத் தொட்டுட்டு கடலூர்ல கடல்ல கலக்குது. புறநானூற்றில் 126ஆம் பாட்டு இந்தக் காரியைப் பத்தினது. பாடினவர் மாறோக்கத்து நப்பசலையார். அதுல அவர் சொல்ற உவமைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உன்னை ஏற்கெனவே கபிலர் பாடிட்டார், அதுக்குமேல நாங்க என்ன பாட, சேரனோட பொன் கொண்டு வர்ற கப்பல் மேலைக்கடல்ல போற வழியில வேற கலம் போக முடியாதே, அது மாதிரி எங்க நிலைமைங்கிறார். யோசிச்சுப் பாருங்க. கடல் கண்ணுக்கே தெரியாத ஒரு ஆத்தங்கரை ஊர். அங்கே ஒரு தலைவனைப் புகழும்போது, பொன் ஏத்திட்டு வர்ற கப்பல் சட்டுனு வாயில வருது. கேக்குறவங்களுக்கும் அது விளங்கியிருக்கு.

சரி, அந்தப் பொன் எங்கேயிருந்து வந்துச்சு? அங்கேதான் நாம போறோம்.

கோவலூர்ல இருந்து கிழக்கே போனா சோழமண்டலக் கடற்கரை. கிரேக்க மொழியில எழுதப்பட்ட பெரிப்ளூஸ்ங்கிற வணிகக் கையேடு, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, இந்தக் கரையில பொதுகேன்னு ஒரு துறைமுகத்தைச் சொல்லுது. புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற அரிக்கமேடுதான் அதுன்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கிட்டிருக்காங்க. 1945ல மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில செஞ்ச சிவப்புத் தட்டுகள், கிரேக்கத் தீவான கோஸ் பக்கத்து ஒயின் ஜாடிகள் எல்லாம் கிடைச்சது. அவர் அதை ரோமானியர்களோட வணிக நிலையம்னே எழுதினார். ரோமைத் தேடிப் போனார், ரோம் கிடைச்சது, அவ்வளவுதான்னு எனக்குத் தோணும். பிறகு 1989ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு தோண்டினப்போ, ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்கே ஊர் இருந்ததும், அது ரொம்ப காலம் தொடர்ந்ததும் தெரிய வந்தது.

எகிப்துக்குப் போற பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில, முசிறி மாதிரித் துறைமுகங்கள்ல இருந்துதான் கிளம்பும். அதனால நம்ம பயணியும் குமரியைச் சுத்தியோ, பாலக்காட்டுக் கணவாய் வழியாவோ மேற்கே போயிடணும். மார்கழி வாக்குல வாடைக்காற்று பிடிச்சா அரபிக்கடலைத் தாண்டி, செங்கடலுக்குள்ள ஏறி, எகிப்தோட பெரனிகே துறைமுகம். அங்கே ஒரு கோயில் வளாகத்துல இந்திய ஜாடி ஒண்ணுல 7.55 கிலோ மிளகு அப்படியே கிடைச்சிருக்கு. தமிழ் பிராமி எழுத்துல ஒரு ஆள் பேர் கீறின பானை ஓடும் கிடைச்சிருக்கு. அதுக்கு வடக்கே இருக்கிற குசேர் அல் கதீம் துறைமுகத்துல கிடைச்ச ஓடுகள்ல கண்ணன், சாத்தன்னு பேர்கள். இன்னொரு ஓட்டுல 'பானை ஒறி'. உறி கட்டித் தொங்கவிடுற பானைன்னு எழுதி வெச்சிருக்காங்க. ஹாஸ்டல் பிரிட்ஜ்ல டப்பா மேல பேர் எழுதி ஒட்டுற அதே புத்தி.

பெரனிகேல இறங்கினா பாலைவனம். ஒட்டகத்துல 12 நாள் பயணம்னு பிளினி எழுதுறார். வெயில் தாங்காதுன்னு பெரும்பாலும் ராத்திரியில நடை. முடிவுல நைல் கரையில கோப்டோஸ்ங்கிற ஊர். அங்கேயிருந்து படகு ஏறி வடக்கே போனா அலெக்ஸாண்ட்ரியா.

ஆனா ஒருத்தர் நேரா வடக்கே போகல. கோப்டோஸுக்குத் தெற்கே 40 கிலோமீட்டர்ல பழைய தீபஸ், இப்போ லக்சர். அங்கே அரசர்களின் பள்ளத்தாக்கு, ஃபாரோக்களோட கல்லறைகள். ரோமானிய காலத்துலயே அது சுற்றுலாத் தலம். சுவர்ல கிரேக்கத்துல பேர் கிறுக்கினவங்க கணக்கு 2,000க்கு மேல. 1926லயே அதைத் தொகுத்துப் புத்தகம் போட்டாச்சு. அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவுல தமிழ் பிராமியும் இருக்குன்னு இப்போதான் இங்கோ ஸ்ட்ராச், சார்லட் ஷ்மிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. தமிழ், பிராகிருதம், சமஸ்கிருதம் எல்லாம் சேர்த்து சுமார் 30. அதுல சிகை கொற்றன்னு ஒரு ஆள், அஞ்சு கல்லறைகள்ல எட்டு இடத்துல தன் பேரை எழுதியிருக்கார்.

எட்டு இடம்! நம்ம ஊர்க் கோட்டையில காதலர்கள் பேர் கிறுக்கி வெச்சா எனக்குக் கோபம் வரும். கொற்றன் மேல ஏனோ வரமாட்டேங்குது. சரக்கு வேலைக்குன்னு வந்த ஆளா இருந்தா, அவருக்கு அந்தப் பள்ளத்தாக்குல ஒரு வேலையும் கிடையாது. வடக்கே போற வழியிலயும் அது இல்ல. வேடிக்கை பார்க்கணும்னே போயிருக்கார். தமிழர்னா திரைகடல் ஓடியும் திரவியம் தேடுறவங்கன்னு சொல்லிச் சொல்லி, அவங்களுக்கு ஊர் சுத்துற ஆசையும் இருந்திருக்கும்ங்கிறதை நாம கணக்குலயே எடுத்துக்கல.

இனி அலெக்ஸாண்ட்ரியா. அலெக்சாண்டர் கி.மு. 331ல நிறுவின ஊர். இந்தியாவுல இருந்து வர்ற பயணி அதோட பீச்சை முதல்ல பார்க்க மாட்டார், இதைக் கவனிங்க. அவர் வர்றது நைல் கால்வாய் வழியா. ஊருக்குத் தெற்கே மரியோட்டிஸ்னு ஒரு ஏரி, அந்த ஏரித்துறையில இறங்குறார். கொல்லைப்புறம் வழியா வீட்டுக்குள்ள நுழையுற மாதிரி. ஆனா கொல்லைப்புறம்தான் பணக்காரப் பக்கம். கடல் துறைமுகத்தைவிட ஏரித்துறைமுகத்துக்குத்தான் வளம் அதிகம்னு அந்த ஊர்ல தங்கியிருந்த ஸ்ட்ராபோ எழுதுறார்.

இறங்கினதும் சுங்கம். 25 சதவீதம். வியன்னாவுல இருக்கிற முசிறிப் பாப்பிரஸ்ங்கிற இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தத்துல, சரக்கு அலெக்ஸாண்ட்ரியாவோட அரசுக் கிடங்குக்குள்ள போய் அந்தக் கால் பங்கு வரி கட்டுறது வரைக்கும் எழுதியிருக்கு. ஹெர்மாபொல்லோன்ங்கிற ஒரே கப்பல்ல வந்த சரக்கோட மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். ஒரு ரோமானியப் படைவீரனுக்கு அப்போ வருஷச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ்.

அப்புறம் ஊருக்குள்ள நடக்கலாம். முக்கியமான ரெண்டு தெருக்கள் 30 மீட்டர் அகலம். கோடையில வடக்கே கடல்ல இருந்து காத்து வீசும், அதனால அங்கே கோடைக்காலம்தான் சுகம்னு ஸ்ட்ராபோ சொல்றார். தெருவைத் தாண்டினா கடல், கடலுக்குள்ள தீவு, தீவுல 100 மீட்டருக்கு மேல நிமிர்ந்து நிக்கிற ஃபாரோஸ் கலங்கரை விளக்கம். பக்கத்துல கனோபஸ்னு ஒரு ஊர். அங்கே போற கால்வாய்ல ராப்பகலா படகுகள், படகுல குழலிசை, ஆட்டம். பார்ட்டி போட்ங்கிறது நம்ம தலைமுறை கண்டுபிடிப்பு இல்ல.

இவ்வளவு கூட்டத்துல நம்ம ஆள் இருந்தாரா? டியோ கிரிசோஸ்டம்னு ஒரு கிரேக்கப் பேச்சாளர், இந்த ஊர் ஜனங்க முன்னாடி நின்னு, உங்களுக்குக் குதிரைப் பந்தயமும் பாட்டும் போதும், புத்தி வேண்டாம்னு திட்டித் தீர்க்குறார். திட்டும்போது, உங்க நடுவுல யார் யாரெல்லாம் உட்கார்ந்து இதைப் பார்த்துட்டிருக்காங்க தெரியுமான்னு பட்டியல் போடுறார். எத்தியோப்பியர், அரேபியர், பாரசீகர், கடைசியில சில இந்தியர்கள். தமிழர்னு அவர் சொல்லல, நானும் அதுக்குள்ள திணிக்க மாட்டேன். ஆனா அந்த அரங்கத்துல இந்தியப் பார்வையாளர்கள் இருந்தாங்க. உள்ளூர்க்காரனை வெக்கப்பட வைக்கிற அளவுக்கு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாங்க.

திரும்பி வருவோம். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போயிடுதுன்னு பிளினி புலம்பினார்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. அது தங்கம், வெள்ளி. திருக்கோவிலூர்ல எனக்கு முக்கியமாப் படுறது வேற: செம்பு. அங்கே கிடைச்ச பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பத்தி, கரூர், மதுரைக் காசுகளோட சேர்த்து, நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ல ஒரு புத்தகமே போட்டார். தங்கக் காசை நகையா உருக்கலாம், பானையில போட்டுப் புதைக்கலாம். தேஞ்சுபோன செப்புச் சில்லறையை யார் புதைச்சு வெப்பாங்க? அது கையிலயும் மடியிலயும் புரளுற காசு. அலெக்ஸாண்ட்ரியா மாதிரி ஊர்ல ரொட்டி வாங்கிப் பாக்கி வாங்குற காசு, பெண்ணைக் கரையில கிடக்கு.

குதிரை முத்திரை போட்ட மலையமான் காசுகளும் இதே ஊர்லதான் கிடைச்சது. பெண்ணை ஆத்து மணல்ல. தொல்லியல் குழி வெட்டி, அடுக்கு அடுக்கா அளந்து எடுத்தது இல்ல. ஆத்துல சலிச்சு எடுத்து, கை மாறி, சேகரிப்பாளர்கிட்ட வந்து சேர்ந்தது. அதனால எந்தக் காசு எந்தக் காசோட பக்கத்துல கிடந்தது, எந்த வீட்டு வாசல்ல விழுந்ததுன்னு இனிமே சொல்ல முடியாது. பெண்ணையில மணல் அள்ளுறது ஊரறிஞ்ச விஷயம். அலெக்ஸாண்ட்ரியாவுல ஃபாரோஸ் இடிஞ்சு விழுந்த கல்லை 1994ல இருந்து கடலுக்கடியில மூழ்கி மூழ்கி ஒவ்வொண்ணா வரைபடம் போட்டாங்க. நம்மகிட்ட ரோம் காசு கிடந்த மணல் லாரியில ஏறி, எங்கேயோ ஒரு அபார்ட்மென்ட் சுவருக்குள்ள பூச்சா இருக்கு.

திருக்கோவிலூர்ல ஆத்துக்கு நடுவுல ஒரு பாறை நிக்குது, கபிலர் குன்றுன்னு சொல்வாங்க. பாரியோட மகளைக் கொண்டுவந்து மலையனுக்குக் கொடுத்துட்டு கபிலர் தீப்புகுந்தார்னு, பக்கத்துல வீரட்டானேஸ்வரர் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டே இருக்கு. புதுச்சேரி பீச்சுக்கு பைக்ல போறவங்க கொஞ்சம் சுத்தி இந்த வழியா வரலாம். கொற்றனும் சுத்திக்கிட்டுதானே போனார். மேற்கே அதே ஆத்தோரம் ஜம்பைல, 1981ல கண்டுபிடிச்ச அதியமான் கல்வெட்டுப் பாறை ஒண்ணு இருக்கு; அசோகனும் யவன அரசர்களும் வர்ற அந்தக் கதை அடுத்த எபிசோட்ல.