பாலம் வந்தது, ஊர் வரவில்லை



சென்ற மாதம் பேரனை அழைத்துக்கொண்டு புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போய்வந்தேன். படங்களைப் போட்டதும், "சார், உங்க சொந்த ஊர் தனுஷ்கோடியா? வகுப்பில் சொன்னதே இல்லையே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். புயலைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் "1964-இல் தனுஷ்கோடி புயலில் அழிந்தது" என்று ஒரே வரியில் கடந்துவிடுவேன். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதியை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஊர் எப்படி உண்டானது என்று பார்ப்போம். ராமர் பாலத்துக்கும் சேது தீர்த்தத்துக்கும் பெயர் பெற்ற இடம்தான் என்றாலும், அதைப் பரபரப்பான ஊராக ஆக்கியது ரயில். அதற்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு சேரலாம். ஒரே டிக்கெட். இதைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் வியாபாரிகளும் யாத்திரீகர்களும் அந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். அவர்களுக்காக ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், கடைகள் எல்லாம் அந்த மணல்திட்டில் எழுந்தன.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஓலை வீடு. கப்பல் சங்கு ஊதினால் அப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவார். தட்டில் மிச்சம் இருக்கிற மீன் எனக்கு. ஆறு வயதில் எனக்குத் தெரிந்த சங்கு அதுதான்.

1964 டிசம்பரில் அம்மா பிரசவத்துக்காக உச்சிப்புளியில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தார். நானும் கூடப் போனேன். தங்கச்சி பிறந்த செய்தி கேட்டு அப்பாவும் வந்தார். அப்பத்தாவையும் கூப்பிட்டிருக்கிறார். "கோழியெல்லாம் யாரு பாக்குறது, நீ போயிட்டு வா" என்றாராம்.

22-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் இழுத்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். விடியும்போது ஊரும் இல்லை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்துவிட்டதால் தீவுக்கு ரயில் போக வழியில்லை. அப்பா மண்டபத்திலிருந்து வள்ளத்தில் போய்த் தேடினார். அப்பத்தா கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்த ஊரைப் பற்றிப் பேசவே மாட்டார். நானும் பேசாமல் இருந்து பழகிவிட்டேன்.

இதுவரைதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. இனி, அந்த மீதிப் பாதி.

பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றவர், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன். அப்போது அவருக்கு வயது 32. கடலில் விழுந்த கர்டர்களை எடுத்து மறுபடி தூக்கி வைத்தார்கள். இன்றும் மெச்சத்தக்க வேலை அது. ஆனால் ரயில் ராமேஸ்வரத்துக்கு மட்டுமே போனது. பாம்பனில் பிரிந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையை மீண்டும் போடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியது.

அந்த முடிவைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஊரின் ஒரு பகுதி நிலமே கடலுக்குள் போய்விட்டது. இன்னொரு புயல் வந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? புயல் ஒரே இரவில் இடித்தது. ரயிலும் கப்பலும் திரும்பி வராததால்தான் ஊர் திரும்பவில்லை. மூட்டை தூக்கியவருக்கும் இட்லிக்கடைக்காரருக்கும் அங்கே பிழைப்பு இல்லாமல் போனது. எங்களைப் போன்றவர்கள் ராமநாதபுரம், மதுரை என்று சிதறினோம். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேர் இந்தியா வர வேண்டும். தாத்தா பாட்டி காலத்தில் தனுஷ்கோடி வழியாகப் போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்தபோது, அந்த வாசல் அங்கே இல்லை. ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

கடலை நம்பியவர்கள் மட்டும் தனுஷ்கோடியை விடவில்லை. மீன் இருக்கிற இடத்தில்தானே மீனவர் இருக்க முடியும்? ஓலைக் குடிசை போட்டு, மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்து, கரைவலை இழுத்து இன்றும் வாழ்கிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் சுற்றுலாக் கூட்டம் பெருகியது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை.

நாங்கள் போன அன்று இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து நிறையப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர், உப்புக்காற்றில் அரித்து ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. "இது பேய் நகரமாம்" என்று ஒரு பையன் தன் அம்மாவிடம் சொன்னான். பக்கத்தில் சங்கும் பாசியும் விற்றுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. தினமும் கேட்கிற பேச்சு போலிருக்கிறது. அவர் குடியிருக்கிற ஊரைத்தான் அந்தப் பையன் பேய் நகரம் என்றான். செத்த ஊர் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே இருக்கிறவர்களுக்கு விளக்கு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வரும்?

எங்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டேஷனின் மிச்சச் சுவரிலிருந்து அடி எண்ணி நடந்தேன். முட்புதரும் மணலும்தான். "தாத்தா, உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்க?" என்று பேரன் கேட்டான். அங்கேதான் தடுமாறிவிட்டேன்.

முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். உங்களில் பலர் பெயரை இன்றும் இனிஷியலோடு சொல்வேன். ஆனால் தனுஷ்கோடியில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நினைவில் இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும். அவன் அன்று இரவு ஊரில் இருந்தானா என்றும் தெரியாது.

உறவுகளில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். ஸ்டேஷன் பக்கத்தில் யார் யார் குடியிருந்தார்கள், யாருக்கு என்ன பெயர் என்று நினைவிருந்தால், பிள்ளைகளிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியில் அப்பத்தா பெயரை எழுதியிருக்கிறேன்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் வந்தால் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்