குருவனூத்துச் சுண்ணாம்பும் தூத்துக்குடிச் சோடாவும்: கரியமில வாயு கல்லாகும் வரலாறு

1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையைப் பிணைத்து நிறுத்தியவை சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்துக் குருவனூத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, செங்கல்லாகச் சுட்ட மண்ணின் பொடியோடு அரைத்துச் சேர்த்தார்கள். அணையைக் கட்டிய பென்னிகுக்கின் பொறியியல் திறனைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அந்தச் சாந்துக்குள் நடந்த வேதியியல் அதே அளவு கவனம் பெறவில்லை.

தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் காயும்போது அந்த வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக் கல்லாகிறது. ஆனால் அணையின் தடித்த உட்பகுதிக்குக் காற்று எட்டாது. அங்கே சுர்க்கியிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகுகிறது. கசிவுநீரில் கரைந்து வெளியேறும் சுண்ணாம்பு, காற்றைத் தொட்டதும் வெள்ளைப் படிவாகிவிடும். அணையின் பலம் பற்றிய வழக்குகளில் ஓயாமல் பேசப்பட்ட ‘சுண்ணாம்புக் கரைவு’ இதுதான். 1979-க்குப் பின் நடந்த பலப்படுத்தும் பணிகளையும், 142 அடிவரை நீர் தேக்க அனுமதித்த 2014 தீர்ப்பையும் தேனி மாவட்டத்தார் நன்கறிவர்.

சுண்ணாம்பு திரும்ப வாங்குவது காளவாசலில் தானே விட்ட வாயுவைத்தான். அது கடனடைப்பு, சேமிப்பல்ல. கனிமங்களில் கரியமில வாயுவைப் பூட்டலாம் என்று 1990-இல் வால்டர் சைஃப்ரிட்ஸ் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்த யோசனை, சுடத் தேவையில்லாத சிலிக்கேட் பாறைகளைச் சார்ந்திருந்தது. ஆலைக் கழிவுகளின் மீது பின்னர் ஆர்வம் வளர்ந்ததற்கும் காரணம் இதுவே: எரியுலைச் சாம்பலிலும் உருக்காலைக் கசடிலும் வினைபுரியக்கூடிய கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்தின் சஃபோக்கில், குப்பை எரியுலைச் சாம்பலைக் கரியமில வாயுவோடு சேர்த்துக் கட்டுமான ஜல்லியாக்கும் ஆலை 2012-இல் இயங்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டின் முயற்சி வேறு வழியில் போனது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரித்தார்கள். ஐ.ஐ.டி. கரக்பூர் பட்டதாரிகள் நிறுவிய ‘கார்பன் கிளீன்’ இதன் கரைப்பானை உருவாக்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயு என்பது அறிவிக்கப்பட்ட அளவு. அரசு மானியமின்றி நடந்தது என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமை நியாயமானது. எனினும் சோடா உப்பு கண்ணாடி உலைக்குள் போனால், பிடித்த வாயு மறுபடி வெளியேறிவிடும். இதை நிரந்தரச் சேமிப்பு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் அதே ஊரின் அனல்மின் நிலையச் சாம்பல்? இந்தியக் கருநிலக்கரிச் சாம்பலில் பெரும்பாலும் கால்சியம் குறைவு, சிலிக்கா மிகுதி. அதைக் கார்பனேட்டாக்க முயல்வதைவிட, சிமெண்டில் கலந்து அந்த அளவுக்குச் சுண்ணாம்புக் கல்லைச் சுடாமல் விடுவதே மேல். அன்று சுர்க்கி செய்த வேலையை இன்று இந்தச் சாம்பல் செய்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் கால்சியம் கூடுதல். கனிமமாக்கும் சோதனையை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்: ஒரு டன் சாம்பல் எத்தனை கிலோ வாயுவைப் பூட்டுகிறது என்பதோடு, அதை அரைக்கவும் ஏற்றிச் செல்லவும் செலவாகும் ஆற்றல் எவ்வளவு வாயுவை வெளியிடுகிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.