ஏழைக்கு இறைச்சி கொடுத்த சூது

மைஸிர் என்ற சூதை ஆடுவது இஸ்லாத்துக்கு முந்தைய அரபிகளுக்குப் பெருமை. மதரஸாவில் இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். இது தெரியாவிட்டால் மைஸிருக்கு வந்த தடையின் கனம் பிடிபடாது.

குளிரும் பஞ்சமும் வந்தால் ஆட்டம் களைகட்டும். ஒட்டகம் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, அறுத்துப் பத்துப் பங்கு வைப்பார்கள். இறகும் முனையும் இல்லாத அம்புகள் பத்து. அவற்றில் ஏழுக்குப் பங்கு உண்டு: ‘ஃபத்து’க்கு 1, ‘தவ்அம்’முக்கு 2 என்று ஏறிக்கொண்டே போய் ‘முஅல்லா’வுக்கு 7. மற்ற மூன்றும் வெற்று அம்புகள். எல்லாவற்றையும் பையில் போட்டுக் குலுக்கி, அதற்கென்றே இருக்கும் ஆள் ஒவ்வொன்றாக உருவுவான். தடவிப் பார்த்தே அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று அவன் கையைச் சுற்றி மூடியிருப்பார்கள். தங்கள் பங்கு அம்பு வராதவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். ஜெயித்தவன் இறைச்சியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவான். ஆட வராதவனுக்குக் கஞ்சன் என்று பெயர். இப்னு குதைபா (இறப்பு 889) இந்த ஆட்டத்தைப் பற்றியே தனி நூல் எழுதியிருக்கிறார்.

இப்படி ஊர் மெச்சிய ஒன்றைத்தான் திருக்குர்ஆன் தடுத்தது. பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் மைஸிரிலும் மக்களுக்குப் பயன் உண்டென்று ஒப்புக்கொண்டே, பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் முழுத் தடை வந்தது. பகையும் வெறுப்பும் வளர்கின்றன, இறைநினைவும் தொழுகையும் மறந்துபோகின்றன என்று காரணமும் சொல்லப்பட்டது. பசித்தவன் வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவன் தோற்றவன். மனம் கசந்து கொடுத்தான். தர்மம் என்றால் மனமுவந்து கொடுக்க வேண்டாமா?

தடை மைஸிரோடு நிற்கவில்லை, வியாபாரத்துக்கும் மற்ற ஆட்டங்களுக்கும் வந்தது. கல்லை வீசி, அது எந்தத் துணியில் விழுகிறதோ அது உனக்கு என்று விற்கும் வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இமாம் முஸ்லிமின் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. தம் வீட்டில் குடியிருந்தவர்களிடம் நர்து என்ற பகடை ஆட்டம் இருப்பதை அறிந்த அன்னை ஆயிஷா (ரலி), அதை வெளியேற்றாவிட்டால் உங்களை வெளியேற்றுவேன் என்று சொல்லி அனுப்பியதை இமாம் மாலிக் தம் ‘முவத்தா’ ஹதீஸ் நூலில் பதிந்திருக்கிறார். நர்து பகடையை நம்புவது. அதனால் பணம் வைக்காமல் ஆடினாலும் ஹராம் (தடுக்கப்பட்டது) என்றார்கள் பெரும்பாலான அறிஞர்கள். சதுரங்கம் யோசித்து ஆடுவது. பந்தயம் கட்டாதவரை அது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்ற அளவோடு இமாம் ஷாஃபி நிறுத்திக்கொண்டார்.

பெட்டிக்கடைக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், பிள்ளைங்க காசு கொடுத்துச் சீட்டு கிழிக்கிற பரிசு அட்டையைத் தொங்கவிடலாமா? நான் ஆடலையே, விக்கத்தானே செய்றேன்?” ஆகாது என்றுதான் சொல்கிறேன். பாவத்துக்குத் துணைபோகாதீர்கள் என்பது மாயிதாவின் 2ஆம் வசனம் இடும் கட்டளை. விற்பவரும் அதற்குள் அடக்கம்.

லாபத்தைப் பள்ளிவாசலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் தடை வரும்வரை விற்கப்பட்ட பரிசுச்சீட்டுக்கும் நாட்டு நலன் என்ற நியாயம்தான் சொல்லப்பட்டது. மைஸிருக்கு அதைவிட நல்ல நியாயம் இருந்தது. பசித்தவன் கையில் நேராகவே இறைச்சி வந்து சேர்ந்தது. அதுவே ஹராம் ஆனபின், நல்ல காரியத்தின் பேரைச் சொல்லி எந்தச் சூதையும் யாரும் விற்க முடியாது.