மரவெட்டி எண்ணெயும் பாக்டீரியாவின் பம்பும்

மரவெட்டிக் காயின் ஓட்டைப் பாதியாகப் பிளந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கு வைப்பது பழைய திருவிதாங்கூர் வழக்கம். நம்ம பக்கத்துப் பாட்டிமாரிடம் கேட்டால், "அது வெளக்குக்குள்ள எண்ணெ மக்கா, வாயில வச்சிராத" என்பாவ. சரிதான், விதை விஷம். மலை ஓடையில் மீனை மயக்கிப் பிடிக்கவும் இந்தக் காய் உதவியிருக்கிறது. மலையாளத்தில் மரோட்டி, சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து. தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் அதன் எண்ணெயைத்தான் தடவினார்கள்.

1854இல் வங்காளத்தில் மௌவட் என்ற டாக்டர் சால்முக்ரா எண்ணெயைப் பற்றி எழுதிய பிறகுதான் ஐரோப்பிய மருத்துவம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சால்முக்ரா வடகிழக்கு மரம். நம்ம மரவெட்டி அதற்குப் பங்காளி முறை. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கட்டி நிற்கும். 1915 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம்பெண் அதை உடம்பு ஏற்கிற வடிவத்துக்கு மாற்றினார். மறு ஆண்டே இறந்துபோனார், 24 வயசு. பிறகு சுமார் முப்பது வருஷம் தொழுநோய் என்றாலே எண்ணெய் ஊசிதான். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர் என்பதால், 1934இல் நூறநாட்டில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையும் நம்ம கதைதான்.

எண்ணெய் எவ்வளவு குணமாக்கியது என்பதில் அப்போதே சண்டை. 1940களில் சல்ஃபோன் மருந்துகளும் டாப்சோனும் வந்ததும் எண்ணெயை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் டாப்சோனுக்கு மசியாத தொழுநோய்க் கிருமி நிரூபணமானது. ஒரே மருந்தை வருஷக்கணக்காகக் கொடுத்ததன் விலை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். 1970களின் தொடக்கத்தில், குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரியும் அவருடைய சகாவும் மரவெட்டி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஹிட்னோகார்ப்பின் என்று பேர் வைத்தார்கள். அதற்கு ஒரு தம்பி உண்டு, மெத்தாக்ஸி ஹிட்னோகார்ப்பின். இதுவும் அந்த எண்ணெயில் துளியளவு இருப்பதுதான்.

2000இல் அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் செடியைச் சோதித்தார்கள். அதிலுள்ள பெர்பெரின் (நம்ம மரமஞ்சளில் இருப்பதும் இதே சரக்கு) கிருமியைக் கொல்லக்கூடியது. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் தோலில் நார்-ஏ என்ற பம்பை வைத்துக்கொண்டு, உள்ளே வருவதை வெளியே இறைத்துத் தள்ளிவிடும். நார்ஃப்ளாக்சசின் மாத்திரையையும் இந்தப் பம்புதான் இறைக்கிறது. அந்தச் செடியோ பெர்பெரினோடு கூடவே ஒரு அடைப்பானையும் செய்து வைத்திருந்தது. அது என்னவென்று பார்த்தால், நம்ம மெத்தாக்ஸி ஹிட்னோகார்ப்பின்! தனியாக ஒரு கிருமியையும் கொல்லாது. பம்பை அடைத்துவிடும், பிறகு பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையைப் பார்க்கும்.

இதை வைத்து "தாத்தா எண்ணெய் அப்பவே ஜெயிச்சிட்டு" என்று சொல்ல வரவில்லை. தொழுநோயில் இது நடந்ததற்குச் சான்றில்லை, இந்தப் பொருள் மருந்தாகக் கடைக்கும் வரவில்லை. தாவரச் சாறு எதிர்ப்பைக் குறைக்கும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. 1997இல் பைன் எண்ணெய்க் கிருமிநாசினியில் தப்பிப் பிழைத்த ஈ.கோலை, பல ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்துத் தாங்கியது.

எனக்கு உறுத்துவது வேற. நம்ம கல்லூரிகளில் வருஷாவருஷம் இலைச்சாற்றை வட்டத்தாளில் நனைத்து, தட்டில் வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் கிருமி அழிந்தது என்று அளக்கிறார்கள். வட்டம் விழாவிட்டால் "பலன் இல்லை" என்று ஒரு வரி, அடுத்த செடி. மெத்தாக்ஸி ஹிட்னோகார்ப்பினை அப்படித் தனியே வைத்திருந்தால் அதற்கும் அதே வரிதான். பழைய நோட்டுகளில் அந்த வரி விழுந்த சாறுகளை எடுத்து, கொல்லாத அளவு சிப்ரோஃப்ளாக்சசின் கலந்து இன்னொரு தடவை தட்டில் வைத்துப் பார்க்கலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.