உரிம ஆட்சி

உரிம ஆட்சி என்பது விடுதலைக்குப் பின் இந்தியாவில் சுமார் நாற்பது ஆண்டுகள் நிலவிய தொழில் கட்டுப்பாட்டு முறை. ‘லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்’ என்றும் அழைக்கப்படும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரேஷனும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இதற்கு முன்னோடிகள். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, பட்டியலிட்ட தொழில்களில் ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் புதுப் பொருள் தயாரிக்கவும் மத்திய அரசின் உரிமம் தேவைப்பட்டது. மூலதனமும் அந்நியச் செலாவணியும் அரிதாக இருந்த நாட்டில் அவற்றைத் திட்டமிட்டுப் பங்கிடுவதும், செல்வம் சிலர் கையில் குவியாமல் தடுப்பதும் நோக்கம். நோக்கத்தில் குறை காண இடமில்லை.

நடந்தது வேறு. கிராக்கி எவ்வளவு இருந்தாலும் உரிமத்தில் கண்ட அளவுக்கு மேல் ஆலை உற்பத்தி செய்யக் கூடாது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டி கைக்கு வந்ததும் கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு. டெல்லியில் ஆள் வைத்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வசதியுள்ள பெரிய தொழில் குடும்பங்களுக்கே உரிமங்கள் மிகுதியாகக் கிடைத்தன. உரிம முறையை ஆராய அரசு அமைத்த தத் குழு 1969இல் இதை ஆவணப்படுத்தியது. அதற்கு மருந்தாக அதே ஆண்டு வந்த ஏகபோகத் தடைச் சட்டமும் இன்னொரு அனுமதியைத்தான் கூட்டியது.

முறையை ஆரம்பத்திலேயே கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1952இல் சென்னை மாநில முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிய அவர், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அக்கட்சி 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. 1971இல் எட்டாகச் சுருங்கியது.

1991இல் அந்நியச் செலாவணி கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்து, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலை 24 அன்று நரசிம்ம ராவ் அரசு 18 தொழில்கள் நீங்கலாக உரிமத்தை ஒழித்தது.

கட்டுப்பாடு அதோடு மறையவில்லை, மாறியது. முன் அனுமதியின் இடத்தைக் கண்காணிப்பு பிடித்தது. ஹர்ஷத் மேத்தா பங்குச்சந்தை மோசடி வெளியான 1992இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி சட்ட அதிகாரம் பெற்றது. 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2002இல் போட்டிச் சட்டம் நிறைவேறியது. சந்தைக்குக் காவல் தேவை என்பதை மோசடி உணர்த்தியதுபோல, மக்களைக் கேட்காமல் காவலைத் தளர்த்த முடியாது என்பதை விவசாயிகள் உணர்த்தினார்கள். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைத் தளர்த்திய திருத்தம் உள்ளிட்ட 2020இன் மூன்று வேளாண் சட்டங்களும், டெல்லி எல்லையில் ஓராண்டு நீடித்த போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன.